கூண்டுக் குருவிக்குப் புழு வாங்குகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

கே: ஆன்லைனில் 200 கிராம் உயிருள்ள மீல்வார்ம் புழு வாங்கினேன். மே மாத வெயிலில் கூரியர் நான்கு நாள் சுற்றி வந்தது. பிரித்தால் பாதிக்குமேல் கறுத்துச் செத்து, ஒரே நாற்றம். "உயிருள்ளதுக்கு கியாரண்டி கிடையாது" என்கிறார்கள்.

ப: உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை. உயிரோடு தருவதாகச் சொல்லித்தானே காசு வாங்கினார்கள்? குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். கூரியர் லேபிள் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். செத்ததை மட்டும் குருவிக்குப் போட்டுவிடாதீர்கள்.

கே: ஜீப்ரா ஃபின்ச்சுக்கு சூப்பர்வார்ம் வாங்கினேன். தொடவே இல்லை.

ப: அது இரண்டு அங்குலப் புழு, உங்கள் குருவியே நான்கு அங்குலம். பார்த்து வாங்கியிருக்க வேண்டும். அரோவானா மீன் வளர்ப்பவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கே: 100 கிராம் புழு என்று தந்த டப்பாவில் பெரும்பகுதி தவிடு. தவிடு இல்லாவிட்டால் புழு செத்துவிடும் என்கிறார் கடைக்காரர்.

ப: புழுவுக்குத் தவிடு வேண்டும், சரி. அதைப் புழு விலைக்கு நிறுப்பதுதான் அநியாயம். எனக்கும் இப்படி ஒரு டப்பாவைத் தலையில் கட்டினார்கள். வீட்டில் சல்லடையில் கொட்டினால் தவிடும் மணல் மாதிரி புழு எச்சமும் கீழே இறங்கின. மேலே நின்றதை ஊதினேன், புழு உரித்த தோலெல்லாம் பறந்தது. மிஞ்சிய புழு ஒரு கை கூட இல்லை. மூடி ஒட்டி விற்கும் டப்பாவில் நிகர எடை, அதிகபட்ச விலை, அடைத்தவர் முகவரி, மாதம், ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011 பொட்டலப் பொருள் விதி. பில் தராததும் முறையற்ற வணிகம்தான். ஆனால் நாம் கேட்பதில்லை, அவர்களும் தருவதில்லை. இனி கடையிலேயே சலித்து நிறுக்கச் சொல்லுங்கள். கோதுமைத் தவிடு மாட்டுத்தீவனக் கடையில் கிடைக்கும். புழுவை அதில் விட்டு, ஈரத்துக்கு ஒரு கேரட் துண்டு வைத்தால் போதும்.

கே: குஞ்சு பொரித்திருக்கிறது. தினமும் புழு போடாவிட்டால் தேறாது என்கிறார் கடைக்காரர்.

ப: எந்தக் குருவி என்று எழுதவில்லையே. ஜீப்ராவும் பெங்காலீஸும் தானியம் தின்பவை. முளைகட்டிய தினையும் வேகவைத்து மசித்த முட்டையும் போதும். மிச்ச முட்டையை வெயிலில் கெடும்முன் எடுத்துவிடுங்கள். கார்டன் ப்ளூ ஃபின்ச் மாதிரி வகைகளுக்குத்தான் குஞ்சு வளர்க்கும்போது உயிர்ப்பூச்சி தேவை. புழுவில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ஆகவே எதைப் போட்டாலும் கூண்டில் கணவாய் ஓடு இருக்கட்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று தருவதும் அதேதான்.

கே: சந்தையில் சிவப்பு முனியா ஜோடி கிடைக்கிறது. புழு போட்டால் நன்றாக வருமாம். வாங்கலாமா?

ப: கூடாது. அது வலைபோட்டுப் பிடித்த நம் ஊர்ப் பறவை. 1972 வனவுயிர்ச் சட்டப்படி விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.