"விழுந்து முளைக்கிற பல்தானே?" – பல்வரிசை பற்றிய கேள்வி பதில்

செங்கோட்டையில் 26 ஆண்டுகளாகப் பல் சீரமைப்பு மருத்துவம் பார்த்துவருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் மலைக்கணவாய்க்கு இப்புறம் தென்காசி, புளியரை பக்கத்தவர்கள்; மீதிப் பேர் கேரளப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர்க்காரர்கள். இங்கே எத்துப்பல் என்பதை அங்கே கோந்திரம்பல் என்பார்கள், சிகிச்சை ஒன்றுதான். பல்வரிசை தொடர்பாக நம் வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

புளியரை வாசகி: என் மகளின் பால்பற்கள் முத்துக் கோத்ததுபோல் நெருக்கமாக இருந்தன. ஏழு வயதுக்குப் பின் முளைத்தவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. எங்கே தவறு செய்தோம், டாக்டர்?

அந்த முத்துக் கோத்த வரிசைதான் முதல் எச்சரிக்கை, அம்மா. பால்பற்களுக்கிடையே சந்து இருந்தால் பெற்றோர் கவலைப்படுகிறார்கள். சந்து இல்லாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். மேல்வாயின் நான்கு வெட்டுப்பற்களை எடுத்துக்கொண்டால், புதிதாக முளைப்பவை பால்பற்களைவிட மொத்தத்தில் ஏறத்தாழ 7 மி.மீ. அகலம் கூடியவை, கீழ்வாயில் இந்த வேறுபாடு சுமார் 6 மி.மீ. அந்த இடம் முன்பே இருந்த சந்துகளிலிருந்தும் தாடையின் வளர்ச்சியிலிருந்தும் கிடைக்க வேண்டும். கிடைக்காதபோது பற்கள் திரும்பியும் சாய்ந்தும் ஒன்றையொன்று மறைத்தும் முளைக்கின்றன. பல்லின் அளவும் தாடையின் அளவும் பெரும்பாலும் பரம்பரை வழி வருபவை என்பதால், இதில் நீங்கள் செய்த தவறு என்று எதுவும் இல்லை.

பெற்றோர் கையில் இருக்கும் காரணம் வேறொன்று. ஆறு வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதுவும் பால்பல்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல். அதற்கு முன்னால் நிற்கும் பால் கடைவாய்ப்பல்லில் சொத்தை விழுந்து, "விழுந்து முளைக்கிற பல்தானே" என்று அதைப் பிடுங்கிவிட்டால், பின்னால் நிற்கும் பெரிய பல் மெல்ல முன்னால் நகர்ந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. பேருந்துச் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பால்பல் என்பது அந்தத் துண்டு. அதை எடுத்துவிட்டால் பத்துப் பதினொரு வயதில் ஏறவேண்டிய பல் நின்றுகொண்டுதான் பயணம் செய்ய வேண்டும். மேல் கோரைப்பல் 11, 12 வயதில் கடைசி ஆளாக வருவதால் பெரும்பாலும் அதற்குத்தான் இடமிருக்காது. ஈறின் உச்சியில் தெத்துப்பல்லாக எட்டிப் பார்க்கும். ஆகவே, சொத்தையான பால்பல்லை முடிந்தவரை அடைத்துக் காப்பாற்றுங்கள். பிடுங்கியே ஆகவேண்டும் என்றால், அந்த இடத்தைக் காக்க ஒரு சிறு கம்பி வளையம் பொருத்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆரியங்காவு வாசகர்: 8 வயது மகனுக்கு மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. சிறிய ரப்பர் வளையத்தை மாட்டினால் சேர்ந்துவிடும் என்று ஒரு காணொளியில் காட்டுகிறார்கள். செய்து பார்க்கலாமா?

கூடாது. பல் கடிக்கும் முனையில் அகன்றும் வேர்ப்பக்கம் குறுகியும் இருப்பதால், ரப்பர் வளையம் வழுக்கி ஈறுக்குள் நுழைந்து வேரை நோக்கி ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. உள்ளே அது எலும்பை அழித்துக்கொண்டே போக, சில வாரங்களில் இரண்டு நல்ல பற்களும் ஆடத் தொடங்கும். அப்படிப் பற்களையே இழந்த பிள்ளைகள் உண்டு. இந்த வயதில் அந்த இடைவெளி பெரும்பாலும் இயல்பானதே. கோரைப்பற்கள் இறங்கும்போது பல பிள்ளைகளுக்குத் தானாக மூடிக்கொள்ளும். இடைவெளி பெரிதாக இருந்தால், நடுவே கூடுதல் பல் ஏதேனும் புதைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்துக்கொள்ளலாம்.

தென்மலை வாசகி: ஐந்து வயதாகியும் பெண் கட்டைவிரல் சூப்புகிறாள். வேப்பெண்ணெய் தடவியும் நிற்கவில்லை.

நான்கு வயதுவரை பொறுக்கலாம். முன்பற்கள் விழுந்து முளைக்கும் முன் நிறுத்துவது நல்லது. அடிப்பதும் கேலி செய்வதும் பழக்கத்தை வலுப்படுத்தும். தூங்கும்போது கையில் துணியுறை மாட்டிப் பாருங்கள்; சூப்பாத நாள்களை நாள்காட்டியில் அவளையே குறிக்கச் சொல்லுங்கள்.

தென்காசி வாசகர்: பையன் வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறான், குறட்டையும் விடுகிறான்.

முதலில் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கடைப்பு தீராமல் நான் கம்பி கட்டிப் பயனில்லை.

புனலூர் வாசகர்: 13 வயது மகளுக்குக் கிளிப் போட நான்கு நல்ல பற்களைப் பிடுங்க வேண்டும் என்கிறார்கள். பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று என் அம்மா அழுகிறார். நம் முன்னோர் மரச்சீனியும் (மரவள்ளி) கரும்பும் கடித்து நேரான பற்களோடு வாழ்ந்தார்கள். அதையே பழக்கினால் போதாதா?

கண்பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கான நரம்பு வேறு; அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். முன்னோர் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. கடினமான உணவை மென்று வாழ்ந்த பழங்கால மக்களின் மண்டையோடுகளில் பல் நெரிசல் குறைவாகவே காணப்படுகிறது. அவர்களின் பற்கள் வெகுவாகத் தேய்ந்தும் இருக்கின்றன. ஆனால் 13 வயதில் ஏற்கெனவே நெருங்கி நிற்கும் பற்களைக் கரும்பு கடித்து நேராக்க முடியாது.

இதைப் படித்த செங்கோட்டை வாசகர் ஒருவர்: பல் பிடுங்குவது மருத்துவர்களின் சோம்பேறித்தனம். என் தங்கைக்கு அப்படிச் செய்து முகமே ஒட்டிப்போயிற்று.

இந்தச் சண்டை உங்களுக்கும் எனக்கும் முன்பே தொடங்கியது. நவீன பல் சீரமைப்பின் தந்தை எனப்படும் எட்வர்ட் ஆங்கிள் உங்கள் கட்சி: 32 பற்களும் இருந்தே ஆகவேண்டும் என்றார். 1911இல் கால்வின் கேஸ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். பின்னர் ஆங்கிளின் மாணவரான சார்லஸ் ட்வீட், குரு சொன்னபடி பற்களை எடுக்காமல் சிகிச்சை செய்தவர்களில் பலருக்கு வாய் முன்தள்ளியதையும் பல் மீண்டும் வளைந்ததையும் கண்டு, அவர்களில் பலருக்கு நான்கு பற்களை எடுத்துவிட்டு மறுபடியும் சிகிச்சை செய்தார். அதற்குப் பின் சில பத்தாண்டுகள் எல்லாரும் தாராளமாகப் பிடுங்கினார்கள். இப்போது அந்த வேகம் தணிந்திருக்கிறது.

அதே வாசகர்: அப்படியானால் நீங்கள் எந்தக் கட்சி?

அளவுகோலின் கட்சி. நெரிசல் 3 மி.மீ. என்றால் பற்களுக்கிடையே மெல்லிதாகத் தேய்த்தே இடம் கண்டுபிடிக்கலாம், 10 மி.மீ. நெரிசலும் முன்தள்ளிய உதடும் இருந்தால் பெரும்பாலும் பல்லை எடுக்காமல் வழியில்லை. ஒட்டிய உதடு உள்ளவருக்கு எடுத்தால் நீங்கள் சொன்னதுபோலவே ஆகும். வாய் அச்சும் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் இல்லாமல், நாற்காலியில் உட்காரும் முன்பே "நான்கு பல் எடுக்கணும்" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். "எடுக்கவே மாட்டேன்" என்று விளம்பரம் செய்பவரிடமிருந்தும். உங்கள் தங்கையின் பழைய எக்ஸ்ரேயைப் பார்க்காமல் அவரைப் பற்றி நான் எதுவும் சொல்ல இயலாது. இன்னும் ஆறு பேர் இதிலேயே எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுதான் பதில்.

குற்றாலம் வாசகி: எத்தனை மாதம் ஆகும்?

இதை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். பல்லைத் தள்ளும்போது ஒருபுறம் எலும்பு கரைந்து மறுபுறம் புதிய எலும்பு உருவாக வேண்டும். அந்த வேலை மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. அளவில்தான் நடக்கும். எடுத்த பல்லின் இடமே ஏறத்தாழ 7 மி.மீ. கணக்கை நீங்களே போடுங்கள். வழக்கமாக 18 முதல் 24 மாதங்கள் ஆகும். ஆறே மாதம் என்று எங்காவது பலகை தொங்கினால், பார்த்துவிட்டு நடந்துவிடுங்கள்.

கடையநல்லூர் வாசகர்: எனக்கு 41 வயது. கிளிப் போடலாமா?

ஈறும் எலும்பும் உறுதியாக இருந்தால் வயது தடையில்லை. சர்க்கரை நோய் இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். வளர்ந்து முடிந்த தாடையைக் கிளிப்பால் வளைக்க முடியாது. தாடையே பிசகியிருந்தால் அறுவை சிகிச்சைதான்.

மற்றொரு வாசகர்: 35 வயதில் போடலாமா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கொல்லம் வாசகி: உலோகக் கிளிப்பா, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறையா?

எளிய, நடுத்தரக் கோணல்களுக்கு உறை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் பல்லில் இருக்க வேண்டும்; தண்ணீர் தவிர எதை வாயில் வைத்தாலும் கழற்றிவிட்டு, பல் துலக்கி மாட்ட வேண்டும். காலை முதல் இரவுவரை ஆறு சாயா குடிப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பல் பெரிதும் திரும்பியிருந்தாலோ, பிடுங்கிய இடத்தை மூடவேண்டியிருந்தாலோ உலோகக் கிளிப்பின் பிடி அதிகம். எக்ஸ்ரே எடுக்காமல் அஞ்சலில் உறை அனுப்புவதாகச் சொன்னால் வாங்காதீர்கள்; ரப்பர் வளையத்துக்கு நான் சொன்னது அதற்கும் பொருந்தும். செலவு பற்றிப் பலர் கேட்கிறீர்கள். திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனித்துறை உண்டு. நமக்குச் சென்னையைவிட அதுவே அருகில்.

ஓர் இளைஞர்: ஞானப்பல் தள்ளித்தானே முன்பற்கள் வளைகின்றன? அதை எடுத்துவிடலாமா?

வளைவைத் தடுப்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம். ஞானப்பல் முளைக்காதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குகின்றன.

புனலூர் மாணவி: கிளிப் போட்டால் ஓணத்துக்கு உப்பேரி தின்னலாமா?

நேந்திரங்காய் வறுவலான உப்பேரியும் வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரைவரட்டியும் பல்லில் ஒட்டிய உலோகப் பொத்தான்களைப் பெயர்த்துவிடும். ஓணம் முடிந்த வாரம் என் மேசையில் பெயர்ந்த பொத்தான்கள் நிறைந்த கிண்ணம் இருக்கும். பாயசம் குடியுங்கள், குடித்ததும் பல் துலக்குங்கள்.

சாம்பவர்வடகரை வாசகர்: மகனுக்குக் கிளிப் கழற்றிய ஓராண்டில் பல் மறுபடி வளைந்துவிட்டது. பணம் வீண்தானே?

கழற்றியபின், பல்லை அதே இடத்தில் நிறுத்தக் கொடுத்த ரிட்டெய்னர் தகட்டை மாட்டினானா? பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் பழைய இடத்துக்கே இழுப்பவை. ஆகவே முதலில் நாள் முழுவதும், பிறகு இரவில் பல ஆண்டுகளுக்கு அது வேண்டும். சென்ற தை மாதம் ஒரு திருமணப் பந்தியில் என் நோயாளி ஒருவன் அதைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி இலையோரம் வைத்தான். இலையோடு அதுவும் போயிற்று. அவன் தந்தை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டபத்தின் பின்புறம் எச்சில் இலைக் குவியலை முக்கால் மணி நேரம் கிளறி, ரசம் ஊறிய அந்தச் சிவப்புத் தகட்டைக் கண்டெடுத்தார். உங்கள் மகனை அழைத்து வாருங்கள். வளைவு சிறிதானால் புதிய ரிட்டெய்னரோடு முடித்துவிடலாம். இம்முறை மூடி போட்ட டப்பாவும் தருகிறேன்.