ரௌட்டரை மாற்றுவதற்கு முன் அதன் விளக்குகளைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. மாலையானால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இணையம் நின்றுவிடுகிறது. ரௌட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடுகிறது. புது ரௌட்டர் வாங்கிவிடலாமா?

வேண்டாம். நான் அப்படித்தான் வாங்கி ஏமாந்தேன்.

மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி படிவங்களோடு மல்லுக்கட்டு. போன சித்திரையில் சரியாக அந்த நாட்களில்தான் எங்கள் இணைப்பு படுத்தத் தொடங்கியது. காலையில் ஒழுங்காக இருக்கும். இரவு ஏழு மணிக்கு மேல், எல்லோரும் வீட்டுக்கு வந்த பிறகு, ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நிறுவனத்துக்கு மூன்று முறை புகார் கொடுத்தேன். வந்த தம்பி மோடத்தில் (ஃபைபர் ஒயர் வந்து சேரும் பெட்டி) செருகியிருந்த ஃபைபர் முனையைத் துடைத்துவிட்டு, "லைன் சரியாக இருக்கிறது அண்ணே" என்று சொல்லிப் போய்விட்டார். சரி, கோளாறு ரௌட்டரில்தான் என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்கினேன். அன்று மாலை ஏழரைக்கு அதுவும் நின்றது.

கோபத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு ரௌட்டருக்கு எதிரே உட்கார்ந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. மகள் தன் செல்பேசியில் வீடியோ பார்க்கத் தொடங்கினாள், மனைவி அவருடைய அக்காவுக்கு வீடியோ அழைப்பு போட்டார். அப்போது பார்த்தேன்: ரௌட்டரின் எல்லா விளக்குகளும் ஒரு கணம் அணைந்து, முதலில் பவர் விளக்கு மட்டும் வந்து, பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன. பக்கத்திலிருந்த மோடத்தின் விளக்குகள் அசையவே இல்லை.

அதாவது, இணைப்பு அறுபடவில்லை. ரௌட்டரே செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது.

எப்போதும் உட்கார்ந்து காவல் காக்க முடியாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பிரௌசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று போட்டால் (சரியான எண் ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே ரௌட்டர் எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்று பெரும்பாலும் ஓரிடத்தில் காட்டும். நீங்கள் நேற்றிலிருந்து கைவைக்காத ரௌட்டர் '12 நிமிடம்' என்று காட்டினால், அது தானாக மறுதொடக்கம் ஆகியிருக்கிறது.

புது ரௌட்டர் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? இங்கேதான் என் சோம்பேறித்தனம் வருகிறது. பழைய அடாப்டரின் ஒயர் டிவி அலமாரிக்குப் பின்னால் சந்து பொந்தெல்லாம் நுழைந்து வந்திருந்தது. அதை உருவ அலுத்துக்கொண்டு, முனை பொருந்துகிறதே என்று புது ரௌட்டரையும் அதிலேயே செருகியிருந்தேன். புது அடாப்டர் பெட்டியில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடந்தது.

பழைய அடாப்டரை வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் பார்த்தேன்: 12.1 வோல்ட். பழுதே இல்லாதது போலக் காட்டியது. ஆனால் சும்மா வைத்து அளந்தால் அப்படித்தான் காட்டும். ரௌட்டர் மின்சாரத்தை இழுக்கும்போது தாங்குகிறதா என்பதே கேள்வி. நான்கைந்து கருவிகள் ஒரே நேரத்தில் வைஃபையை உறிஞ்சும்போது ரௌட்டர் கூடுதல் மின்சாரம் கேட்கும். தளர்ந்துபோன அடாப்டரில் வோல்டேஜ் அந்த நொடி சரியும். ரௌட்டர் அணைந்து எழும். ஆகவேதான் ஏழு மணி. அடாப்டருக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகம் சூட்டில் மெல்ல உலர்ந்துபோகும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்று மின்னணுத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. மதுரை அக்னி நட்சத்திரத்தில், மூடிய அலமாரிக்குள், தூசி படாமலிருக்க அம்மா போட்ட பூப்போட்ட துணிக்கு அடியில் அது நான்கு ஆண்டு உழைத்ததே பெரிது. புது அடாப்டரைச் செருகினேன், அன்றோடு தொல்லை தீர்ந்தது.

உங்களுக்கு அடாப்டர் மட்டும் வாங்க வேண்டியிருந்தால், வோல்ட் எண் பழையதோடு அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. ரௌட்டரைக் கடைக்கு எடுத்துப்போய் முனையைப் பொருத்திப் பாருங்கள். சிசிடிவி கேமராவின் 12 வோல்ட் அடாப்டர் கைவசம் இருந்தால், உங்கள் ரௌட்டரும் 12 வோல்ட்டாக, முனையும் பொருந்துவதாக இருக்கும் பட்சத்தில், ஒரு நாள் அதைப் போட்டுச் சோதிக்கலாம்.

உங்கள் வீட்டில் விளக்கு அணையாமலேயே இணையம் நின்றால் கதை வேறு. மோடத்தில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக வந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை. ஒயர் கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, கூர்மையாக மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்; வெளியே வேப்பமரத்தை ஒட்டி ஒயர் போகிறதென்றால் அணிலையும் சந்தேகியுங்கள். இது நிறுவனத்தின் வேலை. விளக்குகள் எல்லாம் ஒழுங்காக இருந்து செல்பேசியில் மட்டும் நின்றால், மடிக்கணினியை லேன் ஒயரில் நேராக இணைத்துப் பாருங்கள். அதில் ஓடினால் குற்றம் வைஃபையில்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் முட்டிக்கொள்ளும். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் சேனலை 1, 6, 11 என்று மாற்றிப் பாருங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விடுங்கள்.

மின்தடை வரும் நொடியில் மட்டும் ரௌட்டர் அணைந்து எழுகிறதா? பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். பேட்டரிக்கு மாறும் நேரம் குறையும்.

புகார் கொடுக்கும்போது "நெட் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நேரத்தில், எந்த விளக்கு, என்ன நிறம் என்று குறித்துவைத்துச் சொல்லுங்கள். விளக்கை ஒரு படம் பிடித்தும் வைத்துக்கொள்ளுங்கள், ஆள் வரும் நேரத்தில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும்.