மழை முற்றுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். அதில் 'இரவில் மழை முற்றியது' என்ற வரியைப் பார்த்த நண்பர் 'வலுத்தது' என்று மாற்றச் சொல்கிறார். வாக்குவாதம் முற்றுகிறது, நோய் முற்றுகிறது. மழை ஏன் முற்றக்கூடாது? எல்லாமே அதிகமாவதுதானே?

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

நண்பர் சொன்னது சரி. மாற்றிவிடுங்கள்.

முற்றுவது காயின் குணம். உங்கள் பக்கத்து மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்குகிறவர்கள் "முத்தலா போடாதம்மா" என்கிறார்களே, அதே சொல்தான். ஒன்று தனக்குள்ளேயே வளர்ந்து, இனி பிஞ்சுக்குத் திரும்ப முடியாத இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் முற்றுவது. நோய் உடம்புக்குள் முற்றுகிறது. பகை மனசுக்குள் முற்றுகிறது. முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டு, காழ்த்தபின் வெட்டுகிறவன் கையையே அது பதம் பார்க்கும் என்று வள்ளுவர் சொல்வது (குறள் 879) பகையைப் பற்றித்தான். காழ்ப்பது என்றால் முற்றி வைரம் பாய்வது. 'வாக்குவாதம் முற்றிக் கைகலப்பானது' என்று செய்தியில் படிக்கிறோம். முற்றிய வாக்குவாதம் அதற்குமேல் வாக்குவாதமாக இருக்க முடியாது, வேறொன்றாகிவிடும். முற்றுப்புள்ளியிலும் இந்த முற்றுதான் இருக்கிறது.

வலுப்பது வேறு. அதற்கு இறக்கம் உண்டு. தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெறும், கரையைக் கடந்ததும் வலுவிழக்கும் என்றுதான் வானிலை அறிவிப்பும் சொல்கிறது. மழை ஒரு மணி நேரம் வலுக்கும், தணியும், மறுபடி வலுக்கும். அப்புறம், வெளியிலிருந்து வந்து சேர்கிறவற்றாலும் ஒன்று வலுக்கலாம். அதே டிசம்பர் கடைசியில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் தெருவில் இறங்கினார்கள், பக்கத்துக் குப்பத்தார் சேர்ந்தார்கள், எதிர்ப்பு வலுத்தது. அங்கே 'எதிர்ப்பு முற்றியது' என்று எழுதியிருந்தால் அந்த மக்களின் நியாயமான கோபத்தை ஒரு வியாதியாக்கியதுபோல் ஆகியிருக்கும். எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மேகத்துக்கு மட்டும் பழைய கவிஞர்கள் இடம் கொடுத்தார்கள். 'கமஞ்சூல் மாமழை' என்று மேகத்தை நிறைமாதக் கர்ப்பிணியாகவே பார்த்தார்கள். அந்தக் கற்பனையை எடுத்துக்கொண்டு 'சூல் முற்றிய மேகம்' என்று நீங்களும் தாராளமாக எழுதலாம். அது கொட்டத் தொடங்கியபின் வலுக்கட்டும்.