டவுன்ஹில் டெஸ்ட்டுக்கு 7018 போதுமானு கேட்ட தம்பிக்கு

தம்பி, இத்தன வருஷம் பிளான்ட் வேலைல ரூட்டுக்கு (அடியில போடுற முதல் பாஸ், அதாவது முதல் வெல்டு அடுக்கு) டிக் வெல்டிங், மேல 7018 ராடுனு கீழேர்ந்து மேல, அப்ஹில்லா ஏத்தியே பழக்கம், இங்க வந்து பாத்தா பைப்லைன் வேலைக்கு டவுன்ஹில், அதாவது மேலேர்ந்து கீழ வெல்டு இறக்குற டெஸ்ட் வைக்கிறாங்க, அதே 7018-ஐ மேலேர்ந்து இறக்கிடலாமானு கேட்டிருந்த. வேணாம்பா. நானும் வந்த புதுசுல இதே குழப்பத்துல நின்னவன், அதான் கொஞ்சம் விலாவாரியா எழுதறேன்.

7018-ஐ மேலேர்ந்து இறக்குனா உருகுன ஸ்லாக் (ராடு பூச்சுலேர்ந்து வர்ற கசடு) ஆர்க்குக்கு முன்னாடி ஓடிரும், மெட்டல் அதுமேல போய் மூடிக்கும், வெளிய பாக்க அழகா இருக்கும் ஆனா எக்ஸ்ரேல மாட்டிக்குவ. டவுன்ஹில்லுக்கு செல்லுலோஸ் பூச்சு போட்ட ராடுதான். ரூட்டுக்கு பெரும்பாலும் 6010, மேல பைப் கிரேடு பாத்து 7010 இல்ல 8010. ரொம்ப ஸ்ட்ராங்கான, தடியான பைப்னா செல்லுலோஸ் ராடுல வர்ற ஹைட்ரஜனால வெல்டு ஆறுனப்புறம் கிராக் விடும், அதுக்குத்தான் பிரீஹீட்டுல (வெல்டுக்கு முன்னாடி பைப்ப சூடாக்குறதுல) அவ்வளவு கண்டிப்பா இருக்காங்க, 8045னு டவுன்ஹில்லுக்குனே லோ ஹைட்ரஜன் ராடும் இருக்கு. எந்த ராடு எந்த பாஸுக்குனு டபிள்யூபிஎஸ்ல (வெல்டு எப்படிப் போடணும்னு எழுதி வச்ச தாள்) இருக்கும், டெஸ்ட்டுக்கு முன்னாடியே கேட்டு வாங்கிப் படி. புது ஆளு கேட்டா என்ன நினைப்பாங்களோனு கூச்சப்படாத, நான் கூச்சப்பட்டுத்தான் மாட்டுனேன்.

7018-ஐ ஓவன்ல வச்சே பழகுன கை இல்லையா, முதல் டெஸ்ட்டுக்கு முந்துன நாள் 6010-ஐயும் அதே ஓவன்ல போட்டுட்டேன். செல்லுலோஸ் ராடு பூச்சுல கொஞ்சம் ஈரம் இருந்தாத்தான் ஆர்க்குக்கு அந்த வேகம் வரும், காய்ஞ்சிட்டா தோண்டவே தோண்டாது. காலைல பத்த வச்சா ஆர்க் இங்கயும் அங்கயும் அலையுது, ரூட்டு பூரா ஓட்டை. யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்த வேலை கைய விட்டு போயிருக்காது. டப்பாவ அப்பப்ப மூடி வை, அது போதும்.

ரூட்டு விஷயத்துக்கு வரேன். கேப்பும் (ரெண்டு பைப்புக்கும் நடுவுல விடுற இடைவெளி) லேண்டும் (பைப் ஓரத்துல சரிவா சீவாம விட்ட தட்டையான விளிம்பு) ரெண்டுமே 1.6 எம்எம் பக்கம், சுத்திவர ஒரே மாதிரி இருக்கணும், ஃபிட்டப்புல அவசரப்பட்டா பின்னாடி எந்தக் கையாலயும் காப்பாத்த முடியாது. பைப்ப கடிகாரம் மாதிரி நினைச்சுக்கோ, உச்சில 12 மணி இடத்துல பத்த வச்சு ராட பெவலுக்குள்ள (பைப் ஓரத்துல சீவுன சரிவு) லேசா அழுத்தி இழுத்துட்டே வா, அப்ஹில் மாதிரி அசைக்காத. ஆர்க் உருக்கித் தொளைக்கிற சின்ன ஓட்டை, கீஹோல்னு சொல்வாங்க, அது கூடவே வரணும். காத குடுத்துக் கேளு, ஆர்க் சத்தம் பைப்புக்கு உள்ளேர்ந்து வந்தா ரூட் இறங்குது, வெளியவே பொரியிற சத்தம்னா உள்ள போகலனு அர்த்தம். கீஹோல் பெருசாகுதுனா வேகத்தக் கூட்டு. 4லேர்ந்து 6 மணி வரைக்கும் மெட்டல் தொங்கப் பாக்கும், அங்க ஆர்க்க இன்னும் குட்டையா பிடி.

ரூட் முடிஞ்சதும் கிரைண்டர் போட்டு நடு மேட்ட மட்டும் சமம் பண்ணு, ரெண்டு ஓரத்துலயும் ஸ்லாக் கோடு நிக்கும், அத ஹாட் பாஸ்ல (ரூட்டுக்கு அடுத்த ரெண்டாவது பாஸ்) ஆம்ப்ஸ் கூட்டி எரிச்சு எடுக்கணும். டீ குடிச்சிட்டு வந்து போடலாம்னு விட்டுடாத, ரூட் சூடா இருக்கப்பவே அஞ்சு நிமிஷத்துக்குள்ள போட்டுடு, ஹைட்ரஜன் வெளிய போறதுக்கும் அந்தச் சூடுதான் வழி. ஃபில்லும் (நடுவ நிரப்புற பாஸ்) கேப்பிங்கும் (மேல மூடுற கடைசி பாஸ்) உனக்குத் தானா வந்துடும், 2 மணிலேர்ந்து 5 மணி வரைக்கும் மெலிசா போயிருந்தா மட்டும் அங்க ஒரு பாஸ் தனியா போட்டு நிரப்பிக்கோ.

டெஸ்ட் பைப் என்ன சைஸ், என்ன கிரேடுனு கேட்டு எழுது, ஆம்ப்ஸ் எங்க வைக்கிறதுனு அத வச்சு சொல்றேன்.