வீட்டிற்கு முதல் டிரெட்மில்: டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி மழை தொடங்கி ஆற்றங்கரைகளும் குளக்கரைகளும் சேறாகும் நாட்களில்தான் டிரெட்மில் பற்றிய கேள்விகள் எனக்கு மிகுதியாக வருகின்றன. காவிரிப் படுகையில் ஒரு டிரெட்மில்லின் ஆயுள் வீட்டு மின்சாரத்தையும், அதை வைக்கும் இடத்தையும், பழுது பார்ப்பவர் வந்துசேரும் தொலைவையும் பொறுத்தது. அதனால் இவற்றைப் பற்றியே விரிவாக எழுதியிருக்கிறேன்.

கடையில் 4 குதிரைத்திறன் என்று எழுதிய கருவி, 2 குதிரைத்திறன் கருவியைவிட மலிவாக இருக்கிறது. என் எடை 88 கிலோ. நடக்க மட்டுமே வேண்டும். எதை வாங்கலாம்? (கும்பகோணம்)

அந்த 4 என்பது பெரும்பாலும் மோட்டார் சில நொடிகள் மட்டும் எட்டக்கூடிய உச்சத் திறனாக இருக்கும். நீங்கள் கேட்டறிய வேண்டியது, நெடுநேரம் ஓடினாலும் சூடேறாமல் மோட்டார் தரக்கூடிய தொடர் திறனை. ஐயம் இருந்தால் பிளக்கைப் பாருங்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். 4 குதிரைத்திறன் தொடர்ந்து கிடைக்க ஏறத்தாழ 3,000 வாட் தேவை. ஆனால் 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 1,380 வாட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே சிறிய பிளக்குடன் வரும் கருவியில் அச்சிட்ட அந்த எண்ணை நம்பி விலை பேசாதீர்கள். நடப்பதற்குத் தொடர் திறன் 2 போதும். வீட்டில் யாராவது ஓடுவார்கள் என்றால் 3-க்கு அருகில் இருக்கட்டும். உங்கள் எடைக்கு, குறைந்தது 110 கிலோ தாங்கும் என்று குறிப்பிட்ட கருவியை வாங்குங்கள். பெல்ட்டின் அகலம் நடக்க 42 செ.மீ. இருந்தால் போதும், ஓடுவதற்கு 50 செ.மீ. அகலமும் 140 செ.மீ. நீளமும் வேண்டும்.

பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் எங்கள் ஊரில் விளக்கே மங்கிவிடுகிறது. டிரெட்மில் தாங்குமா? இன்வெர்ட்டரில் ஓட்டலாமா? (நீடாமங்கலம் அருகே)

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டவே கூடாது. அது விளக்குக்கும் மின்விசிறிக்கும் உரியது. கருவியை வாங்குவதற்கு முன் ஒரு வாரம், நீங்கள் நடக்கப்போகும் அதே நேரத்தில் மின்னழுத்தத்தை எலெக்ட்ரீஷியன் உதவியுடன் அளந்து குறித்து வையுங்கள். அது அடிக்கடி 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஸ்டெபிலைசர் கட்டாயம் தேவை. தொலைக்காட்சிக்கு வாங்கிய சிறிய ஸ்டெபிலைசர் இதற்கு உதவாது; 2 குதிரைத்திறன் மோட்டாருக்கு 3 கே.வி.ஏ. அளவு வேண்டும். மின்னழுத்தம் இறங்கும்போது, பெல்ட்டின் வேகம் குறையாமல் காப்பதற்காகக் கருவி கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். அந்தச் சூட்டில் பெரும்பாலும் முதலில் கருகுவது மோட்டாரை இயக்கும் போர்டு. மின்னழுத்தக் கோளாறால் நேரும் பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்று பல அட்டைகளில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பணம் கொடுப்பதற்கு முன் அதைப் படியுங்கள். டிரெட்மில்லுக்கென்று தனி இணைப்பு இழுத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துவிடாமல் தண்ணீர் ஊற்றி வருவது நல்லது.

மின்கட்டணம் எவ்வளவு கூடும்? (திருவாரூர்)

நடக்கும் வேகத்தில் ஏறத்தாழ 500 வாட் என்று கொண்டால், நாள்தோறும் அரை மணி நேரத்துக்கு கால் யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 15 யூனிட். அஞ்ச வேண்டியதில்லை.

அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை நோய் உண்டு. கைப்பிடி இல்லாத வாக்கிங் பேட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (தஞ்சாவூர்)

வேண்டாம், வாங்காதீர்கள். இந்த வயதில் கைப்பிடியே முதல் பாதுகாப்பு. இருபுறமும் நீண்ட கைப்பிடிகள் உள்ளதும், மணிக்கு 1 கி.மீ. அல்லது அதற்கும் குறைந்த வேகத்தில் புறப்படுவதுமான கருவியைத் தேடுங்கள். முதலில் மருத்துவரிடம் ஒப்புதல் பெறுங்கள். சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் எழுந்தாலும் தெரியாது. எனவே வெறுங்காலுடன் நடக்க விடாமல், அளவான ஷூ அணியச் செய்து, நடந்து முடித்ததும் பாதங்களைப் பாருங்கள். வேட்டி கட்டி ஏறக் கூடாது. அதன் நுனி பின்பக்க உருளையில் சிக்கினால் ஆளை இழுத்துவிடும். புடவைத் தலைப்புக்கும் இது பொருந்தும். பாதுகாப்புச் சாவியின் கயிற்றைச் சட்டையில் மாட்டிய பிறகே பெல்ட்டை இயக்க வேண்டும். கால் தடுமாறினால் சாவி கழன்று கருவி நின்றுவிடும். கருவிக்குப் பின்னால் 2 மீட்டர் வெற்றிடம் விடுங்கள். சுவரை ஒட்டிப் போட்டால், விழுபவர் ஓடும் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்வார். பேரக் குழந்தைகள் வரும் வீடென்றால், நடந்து முடித்தவுடன் சாவியை எடுத்துப் பீரோவில் வைத்துவிடுங்கள்.

கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. மாடியிலுள்ள தகரக் கொட்டகையில் வைக்கலாமா? (நாகப்பட்டினம்)

உப்புக்காற்றும் மழைச்சாரலும் திருகுகளையும் உருளைகளையும் துருவேற்றும். வெயில் சூடு போர்டைக் கெடுக்கும். கதவும் ஜன்னலும் உள்ள அறையே ஏற்றது. பழைய மச்சு வீடாக இருந்தால் கீழ்த்தளத்தில் வைத்து, அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். பெல்ட்டுக்கடியில் உள்ள பலகையின் உயரத்தையும் சேர்த்தால் தலை மின்விசிறிக்கு அருகில் போய்விடும் என்பதையும் கவனியுங்கள்.

எலித் தொல்லையும் உண்டு. சம்பா அறுவடை முடிந்த நேரத்தில் மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டில் கருவி ஓடவில்லை என்று அழைத்தார்கள். மோட்டார் மூடியைக் கழற்றினால் உள்ளே வைக்கோலும் துணிக் கிழிசலுமாக ஓர் எலிக்கூடு. வேகத்தை அளக்கும் மெல்லிய கறுப்பு ஒயர் இரண்டு இடங்களில் கடிபட்டிருந்தது. நெல் மூட்டைகள் அடுக்கிய அறையிலேயே டிரெட்மில்லையும் நிறுத்தியிருந்தார்கள். அதே வீட்டில் பெல்ட்டுக்கடியில் தேங்காய் எண்ணெயும் விட்டிருந்தார்கள். அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். சிலிக்கான் எண்ணெய் மட்டுமே விட வேண்டும்.

பழைய டிரெட்மில் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? (மயிலாடுதுறை)

வாங்கப்போகிறவரே ஏறிக் கால் மணி நேரம் நடந்து பார்க்க வேண்டும். 2 கி.மீ. வேகத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு காலை அழுத்தி ஊன்றும்போது பெல்ட் வழுக்கினாலோ, மோட்டார் பக்கத்திலிருந்து கருகல் வாடை வந்தாலோ விட்டுவிடுங்கள். கருவியை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பின், பெல்ட்டுக்கடியில் கைவிட்டுப் பலகையைத் தடவிப் பாருங்கள். நடுப்பகுதி வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பு தட்டுப்பட்டால் பலகை தேய்ந்துவிட்டது என்று பொருள். கடைசியாக, அந்த மாடலுக்குப் போர்டும் பெல்ட்டும் இன்னும் கிடைக்கின்றனவா என்றும், மயிலாடுதுறைக்கு யார், எத்தனை நாளில் வந்து பார்ப்பார் என்றும் தொலைபேசியில் விசாரியுங்கள். திருச்சியிலிருந்துதான் ஆள் வர வேண்டும் என்றால், ஒவ்வொரு வருகைக்குமான கட்டணத்தையும் கேட்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு விலை பேசுங்கள்.