சாம்பல் நிற நிழல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உருவப்படங்களுக்கான நாடகத்தன்மை மிக்க ஒளியமைப்பைக் கற்றுத்தரும் இரண்டு நாள் செய்முறைப் பட்டறை ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். 14 பேர் இருந்தோம். பயிற்சியாளர் ஒரே ஒரு ஃப்ளாஷை வைத்து, பாதி முகம் இருளில் அமிழ்ந்திருக்கும் படங்களை எங்களை எடுக்கவைத்தார். நானா எடுத்தேன் என்று எனக்கே நம்பமுடியவில்லை. வீடு திரும்பியதும் அதே வகை ஃப்ளாஷும், அதன் ஒளியை மென்மையாக்கும் துணிக்கூடான சாஃப்ட்பாக்ஸும் வாங்கி, குறித்துவைத்திருந்த அதே 45 டிகிரியில், அதே உயரத்தில், அதே கேமரா அளவுகளில் என் தம்பியை உட்காரவைத்து எடுத்தேன். இணைத்துள்ள படம் அடையாள அட்டைக்கு எடுத்ததுபோல இருக்கிறது. நிழல் கறுக்கவில்லை, சாம்பலாக நிற்கிறது. இரண்டாவது விளக்கு வாங்க வேண்டுமா? இன்னொரு பட்டறைக்குப் போக வேண்டுமா? இந்த ஒளி எல்லா முகங்களுக்கும் பொருந்துமா என்ற ஐயமும் உண்டு.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது விளக்கு வேண்டாம். உங்கள் அறையில் ஏற்கெனவே இரண்டாவது விளக்கு இருக்கிறது. அதுதான் உங்கள் சிக்கல். படத்தின் ஓரத்தில் தெரியும் வெள்ளைச் சுவர் தம்பியின் தோளிலிருந்து மூன்றடிகூட விலகியிருக்காது என்று நினைக்கிறேன். ஃப்ளாஷிலிருந்து கிளம்பும் ஒளியில் முகத்தைத் தொடாமல் கடந்துபோகும் பகுதி அந்தச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, நீங்கள் இருளாக வைக்க விரும்பிய கன்னத்தின் மேலேயே வந்து விழுகிறது. பட்டறை நடந்த இடம் பெரிய கூடமாகவோ கறுப்புத் திரைகள் தொங்கியதாகவோ இருந்திருக்கும். அங்கே அந்த ஒளி திரும்பிவர வழியில்லை. நீங்கள் கோணத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டீர்கள், சுவரைக் குறித்துக்கொள்ளவில்லை.

ஆகவே முதலில் செய்யவேண்டியது ஒளியைக் கூட்டுவது அல்ல, கழிப்பது. நிழல் விழும் கன்னத்துக்கு ஓரடி, ஒன்றரையடி தூரத்தில், சட்டகத்துக்கு வெளியே, ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். மினுமினுப்பு இல்லாத துணியாக இருக்க வேண்டும். வெல்வெட் கிடைத்தால் நல்லது. அடுத்து, ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, துளை எஃப் 8 என்று வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது முழுக் கறுப்பாக வரவேண்டும். வராவிட்டால் ஜன்னலோ மேல்விளக்கோ உங்களுக்குத் தெரியாமல் படத்தில் பங்கெடுக்கிறது என்று பொருள். (கருவிழியில் தெரிந்த ஒரு விளங்காத வெண்புள்ளியைத் தேடி நான் ஒருமுறை அரைமணி நேரம் அலைந்திருக்கிறேன், கடைசியில் அது நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை.) ஏதாவது வாங்கியே தீரவேண்டும் என்று கை அரித்தால், சாஃப்ட்பாக்ஸின் முகப்பில் மாட்டும் கட்டம்கட்டமான துணி கிரிட் ஒன்றை வாங்குங்கள். ஒளி பக்கவாட்டில் சிதறாமல் அது தடுக்கும்.

இனி தூரம். ஒளி, தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பதைப் பட்டறையில் ஒரு வரியில் சொல்லிக் கடந்திருப்பார்கள். உங்கள் அறைக்கு அதைப் பொருத்திப் பார்ப்போம். விளக்கிலிருந்து முகம் மூன்றடியிலும் பின்சுவர் ஆறடியிலும் இருந்தால், முகத்தில் விழும் ஒளியில் நான்கில் ஒரு பங்கு சுவரில் விழும். வெள்ளைச் சுவர் அந்தக் கால்பங்கிலேயே சாம்பலாகத் தெரியும். விளக்கை முகத்துக்கு ஒன்றரையடிக்குக் கொண்டுவந்தால் சுவர் அதிலிருந்து நாலரையடியில் இருக்கும். இப்போது அங்கே விழுவது ஒன்பதில் ஒரு பங்கு. முகத்தின் ஒளி பழைய அளவிலேயே இருக்க ஃப்ளாஷின் திறனை இரண்டு ஸ்டாப், அதாவது நான்கில் ஒரு பங்காக, குறைத்துவிடுகிறீர்கள். விளக்கைச் சுவரை நோக்கி நகர்த்தியிருந்தும் சுவர் இருண்டுபோகிறது. நம்புவதற்குச் சற்றுக் கடினமான இந்த விஷயத்தை ஒருமுறை தன் கையால் செய்து பார்த்தவர்கள் பிறகு விளக்கை எட்டத்தில் வைப்பதில்லை.

உங்கள் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. படத்திலேயே மிகப் பிரகாசமான இடம் கேமராவுக்கு அருகிலுள்ள காது. அதாவது தம்பி முகத்தைச் சற்றுத் திருப்பியிருக்கிறார், முகத்தின் எந்தப் பக்கம் கேமராவுக்கு அகலமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கத்தில் விளக்கை வைத்திருக்கிறீர்கள். இதை பிராட் லைட்டிங் என்பார்கள்; முகத்தைத் தட்டையாகவும் பருமனாகவும் காட்டும். விளக்கை அவர் முகம் திரும்பியிருக்கும் பக்கத்துக்கு மாற்றினால் அகலமான பக்கம் நிழலுக்குள் போகும். அதற்கு ஷார்ட் லைட்டிங் என்று பெயர். நீங்கள் பட்டறையில் பார்த்து வியந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கோணமும் உயரமும் மாறாமலேயே எல்லாம் மாறிவிட்டது, ஏனென்றால் மாறியது தலை.

அதனால்தான் 45 டிகிரி என்ற குறிப்பை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் பெயரால் ரெம்ப்ராண்ட் ஒளி என்று நாம் சொல்வதன் அடையாளம், மூக்கின் நிழல் கன்னத்தின் நிழலோடு சென்று சேர, நிழல் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே எஞ்சி நிற்கும் சிறிய ஒளி முக்கோணம். அது கண்ணின் அகலத்தையும் மூக்கின் நீளத்தையும் தாண்டக்கூடாது என்பது மரபு. குழிந்த கண்களுக்கு விளக்கு இறங்கவேண்டும், இல்லாவிட்டால் கண்ணில் உயிர்ப்புள்ளி, அதாவது விளக்கின் பிரதிபலிப்பு, விழாது. மூக்குத்தண்டு தாழ்ந்த முகத்துக்கு விளக்கு இன்னும் பக்கவாட்டில் போகவேண்டும். விளக்குத் தாங்கியைப் பார்க்காதீர்கள், மூக்கின் நிழலைப் பாருங்கள், அது போய்ச் சேரும் வரை விளக்கை நகர்த்துங்கள். ஃப்ளாஷின் ஒளி கண்ணில் நிற்காது என்பதால், தொடர்ந்து எரியும் ஒரு சாதாரண எல்இடி பல்பை வைத்துக்கொண்டு இருட்டறையில் பழகுவது நல்லது. அதற்கும் முன்னால், நீங்களே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணாடியைப் பிடித்தபடி, தம்பியை பல்போடு உங்களைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள்.

பட்டறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 14 பேருக்கு ஒரு விளக்கு என்றால், ஒளியமைப்பைச் செய்தவர் பயிற்சியாளர்; நீங்கள் ஷட்டரை அழுத்தினீர்கள். அதில் குற்றமில்லை, நல்ல ஒளி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வதும் கல்விதான். ஆனால் அடுத்த முறை போகும்முன், ஒரு விளக்குக்கு எத்தனை பேர், அமைத்ததைக் கலைத்துவிட்டு மாணவரை மீண்டும் அமைக்கச் சொல்வார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் பணத்தைச் சேமியுங்கள்.

எல்லா முகங்களுக்கும் பொருந்துமா என்ற கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன். 1963-இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆர்னால்ட் நியூமன், இரண்டாம் உலகப்போரில் அடிமைத் தொழிலாளர்களைப் பயன்படுத்திய குற்றத்துக்காக 1948-இல் நியூரம்பெர்கில் தண்டிக்கப்பட்ட தொழிலதிபர் ஆல்ஃபிரீட் க்ரூப்பைப் படம் எடுத்தார். இரு பக்கங்களிலிருந்தும் விளக்குகளை வைத்து, அவரை முன்னால் சாயச் சொன்னார். படத்தில் இருப்பது ஒரு சாத்தானின் முகம். யூதரான நியூமன் அதை வேண்டுமென்றேதான் செய்தார். ஒளி அந்த மனிதரைப் பற்றி ஒரு தீர்ப்பைச் சொன்னது. உங்கள் தம்பியைப் பற்றி நீங்கள் எதைச் சொல்ல விரும்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருப்பவர் என்றால், பாதி முகத்தை இருளில் அமிழ்த்துவதற்கு முன் கறுப்புத் துணியை ஓரடி தள்ளிவைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

அடுத்த படத்தை அனுப்பும்போது, விளக்கும் துணியும் சுவரும் நாற்காலியும் தெரியும்படி அறையையும் ஒரு படம் எடுத்து இணையுங்கள்.

அன்புடன்