திரையில் டிசைன், தறியில் துணி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

மருதமுனையில் கைத்தறி நெய்கிறேன். டிசைன்களைக் கணினியில் வரைகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

ஆரையம்பதியிலிருந்து: அக்கா, முந்தானைக்குக் கணினியில பாடும் மீன் வரைஞ்சன். நெய்தாப்பிறகு மீன் இழுபட்டு நீண்டுபோய்க் கிடக்கு. நூல் பிழையா?

நூலில் பிழையில்லை தங்கச்சி. கணினிக் கட்டம் சதுரம், ஒரு கட்டம் ஒரு இழை. துணியில் பாவும் (நீள இழை) ஊடையும் (குறுக்கு இழை) ஒரே நெருக்கத்தில் அமைவது அரிது. அங்குலத்துக்குப் பாவு 60 இழை, ஊடை 40 இழை என்று வையுங்கள். 60க்கு 60 கட்டத்தில் வரைந்த மீன் அகலத்தில் ஒரு அங்குலம் பிடிக்கும், நீளத்தில் ஒன்றரை அங்குலம் போகும். எக்செல்லில் கட்டத்தின் அகலம் 2 பங்கு, உயரம் 3 பங்கு வரும்படி திரையில் அளந்து மாற்றிவிட்டு வரையுங்கள். இழை எண்ணும்போது தறியில் இறுகி நிற்கும் துணியை நம்பவேண்டாம். ஒரு துண்டு நெய்து, அறுத்து, கழுவிக் காயவைத்து எண்ணுங்கள். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: எங்கட தறியில விழுதுச் சட்டம் நாலுதான். அதில மீன் நெய்ய ஏலுமா?

ஏலும் தம்பி, ஆனால் சட்டத்தால் அல்ல, விரலால். பாவு இழைகளைக் கூட்டமாகத் தூக்கும் அந்த நான்கு சட்டத்தை எப்படி மாற்றித் தூக்கினாலும் பயன்படும் வகைகள் 14தான். கோடு, கட்டம், வைரம் வரும், மீன் வராது. கட்டப்படத்தை அச்சிட்டுக் கண்முன் தொங்கவிடுங்கள். வரிசை வரிசையாகப் பாவு இழையை எண்ணி, வேறு நிற நூலை மேலதிக ஊடையாகக் கோத்து வாருங்கள். மெதுவான வேலை, எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். 1804இல் பிரான்சின் ஜக்கார்ட் துளையட்டை வைத்துச் செய்ததும் இழையைத் தேர்ந்து தூக்கும் இதே வேலைதான். இன்று நோர்வேயின் டிசி2 தறியில் ஒவ்வொரு பாவு இழையையும் கணினி தூக்குகிறது. ஊடை நூலைக் கொண்டோடும் நாடாவை எறிவது மனிதக் கை.

காத்தான்குடியிலிருந்து: ராத்தா, டிசைன் வரையப் போன் மட்டும் போதுமா?

போதும். கட்டம்போட்ட கொப்பியும் போதும்.

பாண்டிருப்பிலிருந்து: கம்பியூட்டர் வந்தா வயசான நெசவாளருக்கு வேலை போகாதா?

பாவு ஓட்டிக் கட்டியபின் நிற வரிசை பிழைத்தால் அத்தனை உழைப்பும் வீண். அதற்குமுன் பல டிசைன்களைத் திரையில் பார்த்துவிடலாம் என்பதே கணினியின் உதவி. எந்த நூல் இழுவை தாங்கும், எது அறும் என்று திரை சொல்லாது. அதைச் சொல்லும் மூத்தவர்களைப் பக்கத்தில் இருத்தி, டிசைன் கூலியிலும் பங்கு கொடுக்க வேண்டும். அவர்களைக் கூலிக்கு நெய்பவர்களாக மட்டும் நடத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

கல்முனையிலிருந்து: திரையில பார்த்த நிறம் துணியில வருகுதில்லையே?

வராது. சிவப்புப் பாவில் மஞ்சள் ஊடை போனால் தூரத்தில் செம்மஞ்சளாகத் தெரியும், கிட்டப் போனால் இரண்டும் பிரியும். சாயமிட்ட நூலை ஒரு அட்டையில் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுங்கள்.